மெசின் தந்தீர்கள், புகை போக வழி எங்கே?

எங்கட பாடசாலைகளுக்கு வரும் அன்பளிப்புகளுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. ஒரு காலம் தண்ணீர்த் தாங்கி வந்தது. பிறகு போட்டோக்கொப்பி மெசின், கொம்பியூட்டர், ஸ்மார்ட் போட் என்று வந்தது. இப்போது அங்கொன்றும் இங்கொன்றுமாக லேசர் வெட்டும் மெசினும் வரத் தொடங்கியிருக்கிறது. வெளிநாட்டில் இருக்கிற பழைய மாணவர்கள் காசு சேர்த்து அனுப்புகிறார்கள். மங்கள விளக்கு ஏற்றப்படுகிறது, நாடா வெட்டப்படுகிறது, சுவரில் பெயர்ப்பலகை ஏறுகிறது. படம் முகநூலுக்குப் போகிறது.

அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் எங்கட கவலை.

பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும். "விலை கூடின சாமான், பிள்ளையள் தொட்டால் பழுதாக்கிப் போடுவினம், கண்ணும் போயிடும்" என்று சொல்லி அறையைப் பூட்டி, திறப்பை அதிபரின் மேசை லாச்சிக்குள் வைத்துவிடுவார்கள். அல்லது ஒரு ஒழுங்கும் இல்லாமல் திறந்து விட்டுவிடுவார்கள். யூடியூப் பார்த்துப் பழகின கெட்டிக்காரப் பெடியன் ஒருவன் எங்கேயும் இருப்பான். அவனே எல்லாவற்றையும் வெட்டுவான். யன்னலைத் திறந்து வைத்தால் புகை போய்விடும் என்று எல்லாரும் நினைத்துக்கொள்வார்கள்.

பார்த்தால் இரண்டும் எதிரெதிரான முடிவுகள் போலத் தெரியும். ஆனால் இரண்டும் ஒரே இடத்தில் இருந்துதான் வருகின்றன. அந்த மெசினில் எது ஆபத்து, அந்த ஆபத்தை எப்படிக் குறைக்கலாம் என்று ஒருவரும் இருந்து கதைக்கவில்லை. கதைக்காத இடத்தில் பயம் கூடினவர் பூட்டுவார், பயம் குறைந்தவர் திறந்து விடுவார்.

எங்கட நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். லேசர் மெசினைப் பாடசாலைப் பிள்ளைகள் பாவிக்கலாம், பாவிக்க வேணும். அதற்கு மூன்று விசயம் தேவை: புகை வெளியே போக ஒழுங்கான வழி, உள்ளே வைக்கிற பொருள் என்னவென்ற அறிவு, வெட்டி முடியுமட்டும் பக்கத்தில் நிற்க ஒரு ஆள். இந்த மூன்றுக்குமான செலவு மெசினின் விலையோடு சேர்ந்தது. மெசினை மட்டும் இறக்கிவிட்டு மிச்சத்தைப் பாடசாலை பார்க்கட்டும் என்று போகிறவர்கள் அரைவாசி அன்பளிப்புத்தான் தந்திருக்கிறார்கள்.

இதை நாங்கள் தூர நின்று சொல்லவில்லை. எங்கட குழுவில் தொழினுட்பத் துறையில் உயர்தரம் படித்தவர்கள் இருக்கிறார்கள். விளம்பர போட் அடிக்கிற கடையில் லேசர் மெசினோடு நாள் முழுக்க நிற்கிற ஒருவரும் இருக்கிறார்.

பயம் பிழையான இடத்தில் இருக்கிறது

லேசர் என்றதும் எல்லாருக்கும் முதலில் வருகிற பயம் கண். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது, ஆனால் அது எல்லா மெசினுக்கும் ஒரே மாதிரிப் பொருந்தாது.

பாடசாலைக்கு வருகிற மூடி போட்ட பெட்டி மாதிரியான மெசின்களில் பெரும்பாலும் இருப்பது காபனீரொட்சைட்டு லேசர். 1964 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் வேலை செய்த குமார் பட்டேல் என்ற விஞ்ஞானி உருவாக்கியது. அவர் இந்தியாவில் பிறந்தவர். இந்த லேசரின் அலைநீளம் 10.6 மைக்ரோமீற்றர், அதாவது செந்நிறக்கீழ்க் கதிர். கண்ணுக்குத் தெரியாது. வெட்டும்போது நாங்கள் பார்க்கிற வெளிச்சம் பொருள் எரிகிற வெளிச்சம்தான். இந்தக் கதிர் கண்ணில் பட்டால் கண்ணின் முன்பக்கப் படலத்தைச் சுட்டுவிடும். ஆனால் எங்களுக்குக் கண்ணாடி போலத் தெரிகிற அக்ரிலிக் மூடி இந்தக் கதிருக்குச் சுவர் மாதிரி. அதைத் தாண்டி அது வராது. மூடியைத் திறந்த உடனே லேசரை நிறுத்துகிற சுவிட்ச் ஒன்றும் நல்ல மெசின்களில் இருக்கும். மூடி பூட்டியிருந்து அந்தச் சுவிட்ச்சும் வேலை செய்தால் பிள்ளை பக்கத்தில் நின்று பார்க்கலாம், கண்ணுக்கு ஒன்றும் ஆகாது.

அந்தச் சுவிட்ச் சில மலிவான மெசின்களில் வரும்போதே இருப்பதில்லை. இருந்தாலும், "மூடியைத் திறந்து வைச்சு வெட்டினால் நல்லாத் தெரியும்" என்று காந்தத்தை ஒட்டி அதை ஏமாற்றுகிறவர்கள் உண்டு. மெசின் வந்த அன்றே செய்து பார்க்க வேண்டிய சோதனை இதுதான்: ஒரு துண்டு மட்டையை வெட்ட விட்டு, நடுவில் மூடியைக் கொஞ்சம் உயர்த்துங்கோ. லேசர் அந்தக் கணமே நிற்க வேணும். நிற்காவிட்டால் மூடியைப் போட்டு மெசினை நிறுத்துங்கோ. சுவிட்ச் பூட்டுமட்டும் அந்த மெசின் பிள்ளைகளுக்கு இல்லை.

இன்னொரு வகையும் இருக்கிறது. ஒன்லைனில் மலிவாகக் கிடைக்கிற, மூடி ஒன்றும் இல்லாத, சட்டம் மட்டும் உள்ள நீல வெளிச்ச டயோட் லேசர். அதன் அலைநீளம் 450 நனோமீற்றர் அளவு. கண் வில்லை அதை அப்படியே குவித்து விழித்திரையில் போடும். வகுப்பில் திரையைச் சுட்டிக்காட்டப் பாவிக்கிற லேசர்ப் பேனைகளுக்கு 1 மில்லிவாற்று அளவுதான் பாதுகாப்பான எல்லையாகச் சொல்லப்படுகிறது. இந்த மெசின்களோ பல ஆயிரம் மில்லிவாற்று. நேரே படத் தேவையில்லை, ஒரு பளபளப்பான ஆணித் தலையில் பட்டுத் தெறித்தாலும் போதும். வெட்டுகிறவர் நிறக் கண்ணாடி போட்டிருப்பார், சுற்றி நின்று எட்டிப் பார்க்கிற பத்துப் பேருக்கு என்ன இருக்கிறது? மூடியில்லாத டயோட் மெசினை வகுப்பறைக்குள் கொண்டுவரக் கூடாது என்பது எங்கட உறுதியான கருத்து. அன்பளிப்பாக வந்தாலும் சரி, "பரவாயில்லை, இதாவது கிடைச்சுது" என்று வாங்கி வைக்கக் கூடாது.

ஆக, மூடி ஒழுங்காக உள்ள மெசினில் கண் பயம் குறைவு. அங்கே பயப்பட வேண்டியது நெருப்புக்கும் புகைக்கும்.

நெருப்பு

லேசர் மெசின் வெட்டுவது கத்தி மாதிரி இல்லை. அது ஒரு சின்னப் புள்ளியில் பொருளை எரித்து ஆவியாக்கித்தான் வெட்டுகிறது. ஆகவே நெருப்பு அங்கே விபத்தாக வருகிற ஒன்று இல்லை, எப்போதும் அங்கே இருக்கிற ஒன்று. அதை ஒரு கோட்டுக்குள் வைத்திருக்கிறது மூன்று விசயம்: லேசர் தலை நகர்ந்துகொண்டே இருப்பது, அதன் பக்கத்துக் குழாயால் அடிக்கிற காற்று, கீழே சேர்ந்த குப்பை இல்லாத தட்டு. பெல்ட் இறுகி லேசர் தலை ஒரே இடத்தில் நின்றால், காற்றுப் பம்ப் வேலை செய்யாவிட்டால், முதல் நாள் வெட்டின சின்னச் சின்ன மட்டைத் துண்டுகள் தேன்கூட்டுத் தட்டுக்குக் கீழே கிடந்தால், நெருப்பு பிடிக்கும். மட்டையும் அக்ரிலிக்கும் வெகு கெதியாய்ப் பிடிக்கும்.

நல்ல விசயம் என்னவென்றால், தொடக்கத்தில் அது மெழுகுதிரிச் சுவாலை அளவுதான். பக்கத்தில் ஆள் நின்றால் சிவப்புப் பொத்தானை அமத்த வேண்டியதுதான், அநேகமாகத் தானே அணைந்துவிடும். ஆள் இல்லாவிட்டால் அதே சுவாலை சில நிமிடத்தில் மூடியைப் பிடிக்கும், பிறகு மேலே கூரைக்குப் போகும். கன்டீனுக்கு ஒரு ரீ குடிக்கப் போன நேரம் அதற்குப் போதும்.

ஆகவே முதல் விதி: மெசின் ஓடும்போது ஆள் நிற்க வேணும். அறைக்குள் எங்கேயோ இல்லை, பொத்தானுக்குக் கை எட்டுகிற தூரத்தில். போன் பார்க்காமல்.

இந்த விதி எங்கட நேரசூசிக்குள் எப்படி அடங்கும் என்பதையும் யோசிக்க வேணும். ஒரு பாடவேளை 40 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். 35 ஆவது நிமிடத்தில் 20 நிமிட வேலையைத் தொடங்கிவிட்டால் கதை இப்படித்தான் போகும்:

"சேர், பெல் அடிச்சிட்டுது. அடுத்தது கணக்குப் பாடம்."

"வெட்டி முடிஞ்சுதோ?"

"இல்லை சேர், இன்னும் பாதி கிடக்கு."

"சரி, நிப்பாட்டிப்போட்டுப் போங்கோ. நாளைக்குப் புதுசா வெட்டுவம்."

இந்தக் கடைசி வசனத்தைச் சொல்கிற ஆசிரியர்தான் எங்களுக்கு வேணும். ஒரு துண்டு பிளைவூட் வீணாகப் போகட்டும். "அது தன்பாட்டில வெட்டட்டும், நீங்கள் போங்கோ" என்று சொல்கிற இடத்தில்தான் விபத்து நடக்கும். மெசினின் மென்பொருள் ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் எடுக்கும் என்று முதலே காட்டும். அதைப் பார்த்து, பாடம் முடிய 10 நிமிடத்துக்கு முதலே முடியக்கூடிய வேலையை மட்டும் தொடங்குவது ஒரு நல்ல பழக்கம்.

கரன்ட் போவதும் எங்களுக்குப் புதிதில்லை. 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை இருட்டில் இருந்த நாடு இது. வெட்டும்போது கரன்ட் போனால் லேசர் நிற்கும், கூடவே புகை இழுக்கிற ஃபானும் காற்றுப் பம்பும் நிற்கும். கனன்றுகொண்டிருக்கிற பொருள் மட்டும் நிற்காது. "கரன்ட் போச்சு, வாங்கோ வெளியில போவம்" என்று எல்லாரும் போகக் கூடாது. ஒருவர் நின்று உள்ளே கனல் அணைந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் போக வேணும். மெயின் சுவிட்ச்சையும் நிறுத்திவிட்டுப் போக வேணும், ஆள் இல்லாத நேரம் கரன்ட் திரும்ப வரும்.

தீயணைப்பான் பற்றி ஒரு வார்த்தை. காபனீரொட்சைட்டு தீயணைப்பான்தான் இந்த மெசினுக்குப் பொருத்தம், பின்னுக்கு ஒரு தூசியும் மிஞ்சாது. தூள் வகை தீயணைப்பான் அடித்தால் வில்லையும் கண்ணாடிகளும் பழுதாகும். ஆனால் கையில் இருப்பது அது ஒன்றுதான் என்றால் அதையே அடியுங்கோ. மெசினை மிச்சம் பிடிக்க நினைத்துப் பிள்ளையைக் கிட்டப் போக விடாதீர்கள். தீயணைப்பானை வாசல் பக்கம் மாட்ட வேணும். மெசினுக்குப் பின்னால் மாட்டினால் நெருப்பைத் தாண்டித்தான் போய் எடுக்க வேண்டி வரும்.

ரெஜிபோமும் ஸ்டிக்கரும்

லேசர் மெசின் ஒரு பாடசாலைக்குள் வந்தால் அதை முதலில் தேடி வருவது தொழினுட்பப் பாடம் இல்லை. வாணி விழாவும் ஒளி விழாவும் இல்ல விளையாட்டுப் போட்டியும்தான். "தம்பி, ரெஜிபோமில எழுத்து வெட்டித் தாங்கோவன்" என்று கேட்டு வருவார்கள். இரவிரவாகப் பிளேட்டால் வெட்டி விரலையும் வெட்டிக்கொண்ட அண்ணாமாருக்கு அது பெரிய ஆறுதலாகவும் இருக்கும்.

ஆனால் ரெஜிபோம் லேசருக்குள் வைக்கக் கூடாத பொருள். அது வெட்டுப்படாது, உருகித் தீப்பிடிக்கும். உருகின துளிகள் எரிந்துகொண்டே கீழே விழும்.

அதைவிட மோசமானது கண்ணுக்கு ஒன்றும் காட்டாத பொருள். போட் அடிக்கிற கடையில் எழுத்து வெட்டுகிற வெள்ளைத் தகடு இரண்டு வகையில் இருக்கும். ஒன்று அக்ரிலிக், மற்றது பி.வி.சி. தகடு. கடையில் மிஞ்சின துண்டுகளைப் பாடசாலைக்கு இனாமாகக் கொடுப்பார்கள். இரண்டும் கலந்திருக்கும், பார்த்தால் ஒன்று போலத்தான் இருக்கும். பி.வி.சி. என்றால் பொலிவைனைல் குளோரைட்டு, அதன் நிறையில் பாதிக்கு மேல் குளோரின். லேசர் பட்டால் ஐதரசன் குளோரைட்டு வாயு வெளியே வரும். அது ஈரத்தோடு சேர்ந்தால் ஐதரோகுளோரிக் அமிலம். ஈரம் எங்கே இருக்கிறது? மூக்கிலும் தொண்டையிலும் நுரையீரலிலும். அதே வாயு மெசினின் இரும்புத் தண்டுகளையும் துருப்பிடிக்க வைக்கும். இரசாயனவியல் படிக்கிற பிள்ளைக்கு இதை ஒருமுறை சொன்னால் போதும், வாழ்நாளுக்கும் மறக்காது.

ஸ்டிக்கர் வெட்டுகிற வைனலும் பி.வி.சி. தான். கதிரைக்குப் போடுகிற ரெக்சினும் அநேகமாக அப்படித்தான். ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கின் புகையில் ஐதரசன் சயனைட்டு இருக்கலாம். பொலிகாபனேற்று வெட்டுப்படாமல் மஞ்சளாகிக் கருகும். எம்.டி.எஃப். பலகை வெட்டலாம், ஆனால் அதை ஒட்டின பசையில் இருந்து போமல்டிகைட்டு வரும், புகை ஒழுங்காக வெளியே போகாத இடத்தில் அதுவும் வேண்டாம்.

அப்ப என்னத்தைத்தான் வெட்டுவது? 3 மில்லிமீற்றர் பிளைவூட், நிச்சயமாக அக்ரிலிக் என்று தெரிந்த அக்ரிலிக், காட்போட் மட்டை, கடதாசி, பருத்தித் துணி. ஒரு பாடசாலைக்கு இவை தாராளம். வெட்டலாம், வெட்டக் கூடாது என்று இரண்டு பட்டியலை மெசினுக்கு மேலே தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுங்கோ. இரண்டு பட்டியலிலும் இல்லாத பொருளுக்கு ஒரே பதில்தான்: என்னவென்று தெரியும்வரை வெட்டுவதில்லை.

சந்தேகத் துண்டைச் சோதிக்க ஒரு பழைய வழி எங்கட ஆய்வுகூடத்திலேயே இருக்கிறது, பைல்ஸ்ரைன் சோதனை. ஒரு செப்புக் கம்பியைப் பன்சன் சுடரில் சிவக்கக் காய்ச்சி, சூட்டோடு பிளாஸ்டிக் துண்டில் தொட்டு, திரும்பச் சுடரில் பிடிக்க வேணும். சுடர் பச்சையாக மாறினால் உள்ளே குளோரின் போன்ற அலசன் இருக்கிறது, அந்தத் துண்டு லேசருக்கு ஆகாது. இரசாயனவியல் ரீச்சர் முன்னால் நின்று, நல்ல காற்றோட்டத்தில், அரிசி அளவு துண்டில் செய்ய வேண்டியது. தொழினுட்பப் பெடியளும் விஞ்ஞானப் பெடியளும் ஒரே மேசையில் நின்று ஒன்றாகச் செய்யக்கூடிய வேலை இதைவிட வேறு என்ன இருக்கிறது?

புகை

அனுமதித்த பொருளை வெட்டினாலும் புகை வரும். பிளைவூட் புகையும் மரம் எரிந்த புகைதான், அக்ரிலிக் புகை தலையிடி தரும். யன்னலைத் திறந்து வைப்பது தீர்வு இல்லை. காற்று வீசுகிற பக்கத்தைப் பொறுத்து அது புகையைப் பக்கத்து வகுப்புக்குள் தள்ளலாம்.

தேவை ஒரு எக்சோஸ்ட் ஃபானும் குழாயும். மெசினோடு வருகிற சின்ன ஃபான் பெரும்பாலும் காணாது. ஃபானை மெசினுக்குப் பக்கத்தில் பூட்டாமல் குழாயின் வெளி முனையில் பூட்டுவது நல்லது. அப்படிப் பூட்டினால் குழாயில் எங்காவது ஓட்டை இருந்தாலும் அறைக் காற்று உள்ளே இழுபடுமே தவிர, புகை அறைக்குள் கசியாது. குழாயின் வாய் வகுப்பறை யன்னல்களுக்கும் நடைபாதைக்கும் தூரத்தில், கூரைக்கு மேலே இருக்க வேணும். வெட்டி முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் ஃபானை ஓட விட்டுத்தான் மூடியைத் திறக்க வேணும்.

இது பிள்ளைகளைவிட ஆசிரியருக்குத்தான் கூடுதலாகப் பொருந்தும். பிள்ளை கிழமைக்கு இரண்டு பாடவேளை அந்த அறைக்குள் நிற்கும். ஆசிரியர் கிழமையில் ஐந்து நாளும், வருசக்கணக்காக நிற்பார். அவருக்கு இருமல் வந்தால் "சேருக்குக் குளிர் பிடிச்சிட்டுது" என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருப்போம்.

மின்சாரமும் தண்ணியும்

காபனீரொட்சைட்டு லேசரின் கண்ணாடிக் குழாய்க்குப் போகிற மின்னழுத்தம் வீட்டுக் கரன்ட் மாதிரி 230 வோல்ட் இல்லை, 15,000 வோல்ட்டுக்கும் மேல். மெசினை நிறுத்தின பிறகும் அந்த மின்னேற்றம் கொஞ்ச நேரம் உள்ளே தங்கியிருக்கலாம். ஆகவே பின்பக்க மூடியைக் கழற்றுகிற வேலை பிள்ளைக்கும் இல்லை, ஆசிரியருக்கும் இல்லை, அது தெரிந்த தொழினுட்பவியலாளருக்கு. எர்த் இல்லாத பிளக்கில், எக்ஸ்ரென்சன் வயரில் இந்த மெசினைப் போடக் கூடாது. பழைய கட்டடங்களில் பிளக்கில் மூன்று ஓட்டை இருந்தாலும் எர்த் வயர் நிலத்துக்குப் போயிருக்காது. மெசினை இறக்க முதல் ஒரு மின்னியலாளரைக் கூப்பிட்டு அதையும் ட்ரிப் சுவிட்ச்சையும் பார்ப்பிக்க வேணும்.

குழாயைக் குளிராக்கத் தண்ணி ஓட வேணும். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருகிற தண்ணி, கேத்திலின் அடியில் வெள்ளையாய்ப் படிகிறது அதுதான். அதை லேசர் குழாய்க்குள் விட்டால் அங்கேயும் படியும். உப்புக் கரைந்த தண்ணி மின்சாரத்தைக் கடத்தும் என்பதும் இன்னொரு பிரச்சினை. காய்ச்சி வடித்த தண்ணி மட்டும்தான். பம்ப் நின்றால் லேசரும் நிற்கிற மாதிரி ஒரு உணரி இருக்கிறதா என்றும் பாருங்கோ, இல்லாவிட்டால் குழாய் வெடித்துப்போகும். பிறகு புதுக் குழாய்க்கு ஆர் காசு தருவது என்று தெரியாமல் மெசின் தூசி பிடிக்கும்.

நிற்கிற ஆள் ஆர்?

2013 இல் க.பொ.த. உயர்தரத்தில் தொழினுட்பத் துறை தொடங்கப்பட்டது. கலையும் வர்த்தகமும் விஞ்ஞானமும் மட்டும் இருந்த இடத்தில் கையால் செய்கிற படிப்புக்கு ஒரு வாசல் திறந்தது. ஆனால் கையால் செய்ய ஒரு கூடம் வேணும், கூடத்தைப் பார்க்க ஒரு ஆள் வேணும். பல இடங்களில் ஒரே ஆசிரியர் பாடமும் எடுத்து, கூடத்தையும் பார்த்து, இடையில் விளையாட்டுப் போட்டி வேலையும் செய்கிறார். அவரிடம் "லேசர் மெசினையும் பாருங்கோ சேர்" என்று திறப்பைக் கொடுத்தால் அவர் பூட்டித்தான் வைப்பார். அதற்காக அவரைக் குறை சொல்ல ஏலாது.

நாங்கள் சொல்கிற வழி, பிள்ளைகளையே சோடியாகப் பழக்குவது. ஒருவர் வெட்டுகிறவர், மற்றவர் காவல். காவலுக்கு நிற்கிற பிள்ளைக்கு ஒரே வேலை: நெருப்பையும் ஃபானையும் தண்ணியையும் பார்ப்பது, தேவைப்பட்டால் பொத்தானை அமத்துவது. ஆரையும் கேட்காமல் அமத்துகிற உரிமை அந்தப் பிள்ளைக்கு இருக்க வேணும். "ஏன் நிப்பாட்டினனீ, என்ர வேலை பழுதாப் போச்சு" என்று பேச்சு வாங்கக் கூடாது. அடுத்த தடவை இருவரும் இடம் மாற வேணும். ஆசிரியர் அறைக்குள் நிற்க வேணும், அதில் மாற்றம் இல்லை. ஆனால் இருபது பிள்ளைகளுக்கு நடுவில் அவருடைய இரண்டு கண் மட்டும் காவல் என்ற நிலை மாறும்.

இந்தச் சோடிகளில் பெண் பிள்ளைகள் வெட்டுகிற பக்கமும் நிற்க வேணும். "நீங்கள் டிசைனைக் கீறுங்கோ, பெடியள் வெட்டுவினம்" என்று பாதுகாப்பின் பெயரில் சொல்கிற பழக்கம் எங்களுக்குத் தெரியும். 10.6 மைக்ரோமீற்றர் கதிர் ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லை.

"எங்கட காலத்தில இதெல்லாம் இருந்ததோ?"

இதை எழுதப் போகிறோம் என்றதும் எங்களுக்குத் தெரிந்த ஒரு பெரியவர் கேட்டார்: "நாங்கள் உளியும் வாளும் வைச்சுத்தான் படிச்சனாங்கள். ஒரு விதியும் இல்லை. கை வெட்டுப்பட்டால் துணியைச் சுத்திப்போட்டு வேலை செய்தம். இப்ப எல்லாத்துக்கும் சட்டம் போட்டால் பிள்ளையள் எப்பிடி ஐயா பழகிறது?"

மதிக்க வேண்டிய கேள்வி. பிள்ளைகள் தொட்டுத்தான் பழக வேணும் என்பதில் அவரோடு எங்களுக்குப் பிணக்கு இல்லை. ஆனால் உளி பிடித்தவரின் கையைத்தான் வெட்டும், வெட்டின உடனே வலிக்கும். அந்த வலிதான் அவருக்கு ஆசிரியர். பி.வி.சி. புகை பிடித்தவரை மட்டும் தேடிப் போகாது, அறையில் நிற்கிற எல்லாருக்கும் போகும். எம்.டி.எஃப். புகையோ மெல்ல மெல்லச் சேரும், அன்றைக்கே வலித்துச் சொல்லாது. வலித்துச் சொல்லாத ஆபத்தை ஒருவர் வாயால் சொல்லித்தான் ஆக வேணும், அதைத்தான் விதி என்கிறோம்.

இன்னொரு பக்கம், "இவ்வளவு ஆபத்தெண்டால் பூட்டி வைக்கிறதுதானே நல்லம்" என்று சிலர் இதை வாசித்துவிட்டுச் சொல்லலாம். இல்லை. பூட்டி வைத்தால் அந்தப் பிள்ளை நாளைக்கு வேலைக்குப் போகிற கடையில்தான் முதன்முதலாக லேசர் மெசினைக் காணும். அங்கே ஃபானும் இருக்காது, காந்தம் ஒட்டின சுவிட்ச்தான் இருக்கும். "சும்மா வெட்டு" என்பார் முதலாளி. பாடசாலையில் ஒழுங்காகப் பழகின பிள்ளைக்குத்தான் அன்றைக்கு "இது பி.வி.சி. அண்ணை, வெட்டேலாது" என்று சொல்ல வாய் வரும்.

அன்பளிப்புச் செய்கிறவர்களுக்கு

இங்கே தொழிற்சாலைகளுக்கு 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. பெயரே சொல்வது போல அது தொழிற்சாலைகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. பிரித்தானியாவில் பாடசாலைத் தொழிற்கூடங்களுக்கென்றே பி.எஸ். 4163 என்ற தர நெறி இருக்கிறது. பாடசாலைகளுக்கு இடர் பற்றி ஆலோசனை சொல்ல கிளீப்ஸ் என்ற அமைப்பும் இருக்கிறது.

லண்டனில் இருந்து காசு அனுப்புகிற அண்ணாமார், அக்காமார், உங்களிடம் ஒன்று கேட்கிறோம். உங்கட பிள்ளை படிக்கிற பள்ளியில் லேசர் மெசின் இருந்தால் ஒருநாள் போய்ப் பாருங்கோ. புகை எந்த வழியால் போகிறது, ஆருக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள், எந்தப் பொருளை உள்ளே விடுகிறார்கள் என்று கேளுங்கோ. அந்தப் பிள்ளைக்கு வேண்டியதுதான் நீங்கள் படித்த பாடசாலையில் இன்றைக்குப் படிக்கிற பிள்ளைக்கும் வேணும். மெசினின் அளவைக் கொஞ்சம் குறைத்து, மிஞ்சுகிற காசில் ஃபானும் குழாயும், தீயணைப்பானும், எர்த் வேலையும், இரண்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சியும், ஒரு வருசத்துக்குப் பராமரிப்பும் தாருங்கோ. பெரிய மெசினுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்தால் வடிவாக இருக்கும், தெரியும். கூரைக்கு மேலே போகிற புகைக்குழாய் படத்தில் விழாது.

அதிபர்களுக்கும் ஒன்று. அன்பளிப்பு என்று வந்தால் மறுக்க ஏலாது என்று நினைக்காதீர்கள். "நன்றி, ஆனால் எக்சோஸ்ட் பூட்டித் தந்தால்தான் மெசினை இறக்குவம்" என்று சொல்கிற உரிமை உங்களுக்கு இருக்கிறது. வலயக் கல்வி அலுவலகங்கள் இப்படியான மெசின் போகிற பாடசாலைகளுக்கு ஒரு பக்கத்தில் ஒரு சரிபார்ப்புப் பட்டியலைத் தமிழில் கொடுத்தால் அது பெரிய உதவி. ஒருவரும் கொடுக்காவிட்டால் மேலே எழுதியதை எடுத்துப் பாவியுங்கோ, எங்களிடம் கேட்கவும் தேவையில்லை.

இதை வாசிக்கிற மாணவர்களுக்குக் கடைசியாக: உங்கட பாடசாலையில் இந்த மெசின் பூட்டிக் கிடந்தால், "ஏன் சேர் பூட்டிக் கிடக்கு?" என்று மட்டும் கேட்டு நிற்காதீர்கள். "சேர், இதுக்குப் புகைக்குழாய் பூட்டினால் திறப்பீங்களோ?" என்று கேளுங்கோ. முதல் கேள்விக்கு ஒரு சாட்டுப் போதும். இரண்டாவதுக்கு ஒரு திகதி சொல்ல வேண்டி வரும்.